தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்வது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

கேள்வி
பதிந்தவர்: குடமுருட்டிக்கரை, திருவையாறு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாலை வேளைகளில் ஏழெட்டுப் பேர் கூடிச் செய்தித்தாள் வாசிப்பது பல ஆண்டு வழக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்பதால் உரக்கப் படிக்கும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். சென்ற வாரம் ஒரு கொலை வழக்கில் மாவட்ட அமர்வு நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்த செய்தியைப் படித்தேன். கடைசிப் பத்தியில், இத்தண்டனை உயர் நீதிமன்றத்தின் உறுதிப்படுத்தலுக்கு உட்பட்டது என்று ஒரே ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியின்மேல் நடந்த பேச்சு, படிப்பகத்தின் விளக்கை அணைக்கும் வரை முடியவில்லை.

உரக்கடை வைத்திருக்கும் நண்பர், கிராம நிர்வாக அலுவலர் எழுதிய குறிப்பின் கீழ் வட்டாட்சியர் கையொப்பமிடுவது போன்ற சடங்குதான் இது என்றும், கீழே எழுதியதை மேலே இருப்பவர் வரிவரியாகப் படிப்பார் என்று நம்புவது பேதைமை என்றும் அடித்துச் சொன்னார். சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்தால் மட்டுமே உயர் நீதிமன்றம் வழக்கைத் தொடும் என்றும், அவர் பேசாமல் இருந்துவிட்டால் தண்டனை நிலைத்துவிடும் என்றும் சொன்னான். இருவரையும் மறுக்க எனக்கு ஆசை இருந்தது; ஆதாரம்தான் இல்லை.

எனவே விவரமறிந்தவர்களிடம் கேட்கிறேன். மேல்முறையீடே செய்யாத ஒருவரின் தண்டனையை உயர் நீதிமன்றம் தானாகப் பார்க்குமா? பார்க்குமானால் தீர்ப்பை மட்டும் பார்க்குமா, சாட்சியங்களையும் முதலிலிருந்து படிக்குமா? இரண்டு நீதிபதிகள் கருத்து வேறுபட்டால் அந்த மனிதனின் கதி என்ன? உறுதிசெய்வதற்கென்று போன வழக்கில் ஒருவரை அடியோடு விடுதலை செய்துவிடவும் முடியுமா? பொறுமையாக விளக்கினால், படித்துக் காட்ட எனக்கு ஒரு கூட்டம் காத்திருக்கிறது.


மறுமொழி 1
பதிந்தவர்: பழைய சிரஸ்தார், கும்பகோணம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். டெல்டாப் பகுதி நீதிமன்றங்களில் எழுத்தராகச் சேர்ந்து சிரஸ்தாராக, அதாவது நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன் நான். சட்டத்தின் நுட்பங்களை வழக்கறிஞர்கள் யாராவது சொல்வார்கள். காகிதம் எப்படிப் பயணப்படுகிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது.

அமர்வு நீதிபதி மரண தண்டனை விதித்துக் கையொப்பமிட்ட உடனே வழக்கு முடிந்துவிடுவதில்லை. வழக்கின் நடவடிக்கைகள் அனைத்தையும் உயர் நீதிமன்றத்துக்கு அவரே அனுப்பியாக வேண்டும். அனுப்பலாம் என்று சட்டம் அவர் விருப்பத்துக்கு விடவில்லை; அனுப்ப வேண்டும் என்று கட்டளையிடுகிறது. நான் பணியில் இருந்த காலத்தில் அது 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 366ஆம் பிரிவு. தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்தாரா, வழக்கறிஞர் வைத்தாரா, சிறையில் வாய் திறக்காமல் இருக்கிறாரா என்பவற்றுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அவரே முன்வந்து எனக்கு மேல்முறையீடு வேண்டாம், தூக்கிலிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தாலும் கட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் தீர வேண்டும். உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்த இடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறான்.

மேல்முறையீட்டு உரிமை தனியாக இருக்கிறது. ஆயுள் தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றம் போக 60 நாள் அவகாசம் உண்டு. மரண தண்டனைக்கு 30 நாள்தான். இவ்வளவு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று தண்டனை விதிக்கும் நீதிமன்றமே அவருக்குச் சொல்ல வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். அந்த 30 நாள் முடியும் முன்பும், மேல்முறையீடு தாக்கலாகிவிட்டால் அது முடிவாகும் முன்பும், உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்து உத்தரவிட முடியாது. நடைமுறையில் இரண்டும் சேர்ந்தே விசாரிக்கப்பட்டு ஒரே தீர்ப்பில் முடியும். நம் உயர் நீதிமன்றத்தில் உறுதிப்படுத்தலுக்கு வரும் கட்டுக்கு ஆர்.டி. (ரெஃபர்டு டிரையல்) எண் என்று தனி எண் விழும். மதுரைக் கிளையானால் அதோடு எம்.டி. என்ற எழுத்துகளும் சேரும்.

மதுரை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2004 ஜூலையில் மதுரைக் கிளை தொடங்கும் வரை எங்கள் கட்டுகள் எல்லாம் சென்னைக்குத்தான் போயின. இன்று தஞ்சாவூர், திருச்சி மாவட்டக் கட்டுகள் மதுரைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கட்டுகள் சென்னைக்கும் போகின்றன. கும்பகோணத்தில் நடந்த குற்றத்துக்கு மதுரை, ரயிலில் சற்று நேரத்தில் வந்துவிடும் மயிலாடுதுறையில் நடந்ததற்குச் சென்னை. ஒரே ஆற்றுப் பாசனத்துக்கு இரண்டு உயர் நீதிமன்ற வாசல்கள்.

கட்டு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். என் பணிக்காலத்தில் ஒரு முறைதான் அப்படியொரு கட்டைத் தயார் செய்யும் பொறுப்பு என் கைக்கு வந்தது. முதல் தகவல் அறிக்கையிலிருந்து தீர்ப்பு வரை ஒவ்வொரு தாளுக்கும் பென்சிலால் பக்க எண் இட்டு, சாட்சி வாக்குமூலங்கள் ஒரு பகுதியாகவும் சான்றாவணங்கள் ஒரு பகுதியாகவும் பிரித்து, அட்டவணை எழுதி, துணியில் பொதிந்து நூல் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு உருக்கி முத்திரை வைத்தோம். அதைச் சென்னைக்கு எடுத்துச் சென்ற உதவியாளர், இரவுப் பேருந்தில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு விடிய விடியக் கண்ணயராமல் போனதாகத் திரும்பி வந்து சொன்னார். இரண்டு வாரத்தில் மேலிருந்து ஒரு குறிப்பு வந்தது: பிரேதப் பரிசோதனைச் சான்றிதழின் பின்பக்கம் நகலில் விடுபட்டிருக்கிறது, உடனே அனுப்புக. பின்பக்கத்தில் காயங்களின் அளவு எழுதியிருந்தது. அட்டவணையைச் சரிபார்த்தவன் நான்தான் என்பதால் அன்று வாங்கிய திட்டு இன்னும் மறக்கவில்லை. உங்கள் உரக்கடை நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். மேலே படிக்கவில்லை என்றால் பின்பக்கம் இல்லாதது யாருக்குத் தெரிந்திருக்கும்?

தண்டனைத் தீர்ப்பில் கையொப்பமிட்டதும் நீதிபதி பேனா முனையை உடைத்துவிடுவார் என்று பலர் கேட்பார்கள். அது வழிவழியாக வந்த பழக்கம்; எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லை. நான் பார்த்த நீதிபதி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அன்று மதியச் சாப்பாட்டை அவர் தொடவில்லை என்று தபேதார் சொன்னார்.


மறுமொழி 2
பதிந்தவர்: அரசலாறு, மதுரைக் கிளையில் வழக்கறிஞர்

சிரஸ்தார் ஐயா சொன்னதில் ஒரே ஒரு சேர்க்கை. 2024 ஜூலை 1 முதல் பழைய நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 366 முதல் 371 வரையிலான பிரிவுகள் புதியதில் 407 முதல் 412 வரை வருகின்றன. எண்கள் மாறினவே தவிர, உறுதிப்படுத்தும் முறையின் உள்ளடக்கத்தில் பெரிய மாற்றமில்லை; உயர் நீதிமன்றத்தின் உத்தரவு நகலை இனி மின்னணு வழியாகவும் கீழே அனுப்பலாம் என்பது போன்ற சிறு சேர்க்கைகள்தான்.

ஆசிரியர் ஐயா, உங்கள் இரண்டாவது கேள்விதான் இதில் உயிர்நாடி என்பதால் அதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறேன். சாதாரண மேல்முறையீட்டில், கீழ்க் கோர்ட் தீர்ப்பு தவறு என்று காட்டும் பொறுப்பு மேல்முறையீடு செய்தவருக்கு உண்டு. உறுதிப்படுத்தும் வழக்கில் அந்தச் சுமையை யாரும் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. உயர் நீதிமன்றமே, கீழ் நீதிபதி என்ன முடிவுக்கு வந்தார் என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சாட்சியங்களை முதலிலிருந்து எடைபோட்டு, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா என்று தன் சொந்த முடிவுக்கு வர வேண்டும். 1957இல் ஜும்மன் எதிர் பஞ்சாப் அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 1977இல் நம் மாநிலத்திலிருந்து சென்ற சுப்பையா அம்பலம் வழக்கிலும் அதையே மீண்டும் வலியுறுத்தியது. தண்டனை பெற்றவரின் வழக்கறிஞர் எழுந்து நின்று, குற்றத்தைப் பற்றி நான் வாதாடவில்லை, தண்டனையை மட்டும் குறைத்தால் போதும் என்று சொல்லிவிட்டாலும் நீதிமன்றத்தின் அந்தக் கடமை தீராது. 2012இல் ராஜஸ்தானிலிருந்து வந்த குணால் மஜும்தார் வழக்கில், உயர் நீதிமன்றம் இக்கடமையை முறையாகச் செய்யாமல் மேலோட்டமாக முடித்துவிட்டது என்று கண்ட உச்ச நீதிமன்றம், அத்தீர்ப்பை நீக்கி மறுபடி விசாரிக்கத் திருப்பியே அனுப்பியது.

சாட்சியத்தில் இடைவெளி தெரிந்தால் உயர் நீதிமன்றம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குற்றமா இல்லையா என்பதைப் பாதிக்கும் எந்தப் புள்ளியிலும் மேலதிக விசாரணை நடத்தலாம், புதிய சாட்சியத்தைத் தானே பதிவுசெய்யலாம், அல்லது அமர்வு நீதிமன்றத்தைப் பதிவுசெய்யச் சொல்லலாம். இது 367ஆம் பிரிவு, இன்றைய 408. நான் இளம் வழக்கறிஞராக மூத்தவர் ஒருவருடன் ஆர்.டி. வழக்கொன்றில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு சாட்சி தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்ததாகச் சொன்ன இடத்தை நீதிபதி மூன்று முறை படிக்கச் சொன்னார். பிறகு டைப் செட்டில், அதாவது வழக்கு ஆவணங்களின் நகல் தொகுப்பில், இருந்த சம்பவ இட வரைபடத்தைப் பிரித்து மேசைமேல் வைத்து, விளக்குக் கம்பத்துக்கும் உடல் கிடந்த இடத்துக்கும் இடையில் விரல் வைத்து அளந்தபடி, இதில் அடிக்கணக்கு ஏன் குறிக்கப்படவில்லை என்று அரசு வழக்கறிஞரைக் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் முற்பகல் முழுவதும் போயிற்று.

விடுதலை செய்ய முடியுமா என்றீர்கள். தாராளமாக முடியும். 368ஆம் பிரிவின்படி, இன்றைய 409, உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்யலாம், சட்டம் அனுமதிக்கும் வேறு தண்டனை விதிக்கலாம், கீழ்த் தீர்ப்பை நீக்கிவிட்டு அமர்வு நீதிமன்றம் கண்டிருக்கக்கூடிய வேறு குற்றத்துக்குத் தண்டிக்கலாம், அதே குற்றச்சாட்டின்மீதோ திருத்திய குற்றச்சாட்டின்மீதோ மறு விசாரணைக்கு உத்தரவிடலாம், முற்றாக விடுவிக்கலாம். உடுமலைப்பேட்டையில் 2016இல் நடந்த ஆணவக் கொலை உங்களுக்கு நினைவிருக்கும். திருப்பூர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவரை விடுவித்து, மற்ற ஐவருக்கும் தண்டனைக் குறைப்பின்றி 25 ஆண்டுகளாவது சிறையில் கழிக்கும்படியான ஆயுள் தண்டனையாக மாற்றியது. அந்த முடிவில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அது வேறு பேச்சு. ஆறு தூக்குகள் கீழிருந்து சென்று ஒன்றுகூட மேலே நிற்கவில்லை என்பதை உங்கள் கேள்விக்காகச் சொல்கிறேன். இப்படி ஆண்டுக் கணக்கை நிர்ணயித்து ஆயுள் தண்டனை விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு என்று 2015இல் ஸ்ரீஹரன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்மானித்தது.

கருத்து வேறுபாட்டைப் பொறுத்தவரை, உறுதிசெய்யும் உத்தரவில் குறைந்தது இரண்டு நீதிபதிகள் கையொப்பமிட வேண்டும். ஒருவர் உறுதிசெய்து மற்றவர் மறுத்தால், இருவரின் கருத்தோடும் வழக்கு மூன்றாவது நீதிபதியிடம் போகும். அவர் வாதங்களைக் கேட்டுச் சொல்வதே தீர்ப்பாகும். நீதிபதிகளே ஒருமனப்படாத வழக்கில் உயிரைப் பறிக்கத் தயங்க வேண்டும் என்ற எண்ணமும் நெடுநாளாக இருக்கிறது. 1954இல் பாண்டுரங் எதிர் ஹைதராபாத் அரசு வழக்கில், குற்றத்தைப் பற்றியும் தண்டனையைப் பற்றியும் நீதிபதிகள் வேறுபட்டிருந்தால் வலுவான காரணமின்றி மரண தண்டனை விதிக்காமல் இருப்பதே நன்று என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அது இறுக்கமான விதியன்று. கோயம்புத்தூரில் 2010இல் பள்ளிக் குழந்தைகள் இருவர் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில், 2019இல் உச்ச நீதிமன்றத்தின் மூவரில் ஒருவர் தண்டனையைப் பற்றி மாறுபட்ட போதும் பெரும்பான்மையின்படி மரண தண்டனை நிலைத்தது.

தண்டனையைப் பற்றி ஒரு வரலாற்றுத் துணுக்கையும் சேர்த்துவிடுகிறேன். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில், கொலைக்குத் தூக்கு கொடுக்காத நீதிபதிதான் ஏன் கொடுக்கவில்லை என்று காரணம் எழுத வேண்டியிருந்தது. 1955ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அதை அப்படியே தலைகீழாக்கி, தூக்கு கொடுப்பவர்தான் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்றது. 1980இல் பச்சன் சிங் வழக்கு, அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே என்ற வரம்பை வைத்தது. ஆகவே உயர் நீதிமன்றம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே எடுத்துக்கொள்ள வேண்டும்: குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா? மெய்ப்பிக்கப்பட்டிருந்தாலும், வேறு எந்தத் தண்டனையும் பொருந்தவே பொருந்தாது என்று சொல்லிவிட முடியுமா? முதல் கேள்வியில் காட்டும் உழைப்பை இரண்டாவதில் காட்டாமல் விட்ட தீர்ப்புகளே பின்னாளில் மேலே போய்ச் சரிகின்றன என்பது என் அனுபவம்.


மறுமொழி 3
பதிந்தவர்: கடைமடை, நாகப்பட்டினம் மாவட்டம்

வழக்கறிஞர் ஐயாவும் சிரஸ்தார் ஐயாவும் எழுதியதை வரிவிடாமல் படித்தேன். கற்றுக்கொண்டேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. என் சித்தப்பா மகனைக் களத்துமேட்டில் வெட்டிக் கொன்றார்கள். அந்த வழக்கு முடிய ஒன்பது ஆண்டுகள் ஆயின. கிடைத்தது ஆயுள் தண்டனை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேருந்து ஏறிப் போய் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்ற என் சித்தியை, உட்காருங்கள் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. கொன்றவனுக்காக இத்தனை முறை திரும்பத் திரும்பப் படிக்கும் சட்டம், இழந்தவர்களுக்கு உயர் நீதிமன்றத்தில் ஒரு நாற்காலியாவது போடுகிறதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். உயர் நீதிமன்றம் சாட்சியங்களை மறுபடி எடைபோடும் என்பதை ஆறுதலான செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பகுதியில் அந்தச் சொல்லைக் கேட்டால் வேறொன்று நினைவுக்கு வரும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட வழக்கில், நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் தண்டித்தவர்களை 1973இல் உயர் நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோட்டுத்தான் விடுவித்தது. மேலே போனால் நீதி கூடும் என்று எங்களால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியவில்லை.


மறுமொழி 4
பதிந்தவர்: அரசலாறு

அம்மா, உங்கள் சித்தியைப் பற்றி எழுதியதற்கு நான் சமாதானம் சொல்ல முயல மாட்டேன். சட்டத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். கொல்லப்பட்டவரின் குடும்பத்தார் தங்கள் வழக்கறிஞர் மூலம் அரசுத் தரப்புக்குத் துணை நிற்கலாம். ஒருவரை விடுவித்தாலோ, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டித்தாலோ, இழப்பீடு போதாமல் இருந்தாலோ, அரசை எதிர்பாராமல் தாமே மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 முதல் அவர்களுக்கு இருக்கிறது. தண்டனை போதவில்லை என்று மட்டும் கேட்டு மேல்முறையீடு செய்யும் உரிமை அவர்களுக்கு இல்லை. அதை அரசுதான் செய்ய முடியும். உறுதிப்படுத்தும் வழக்கில் அவர்களைக் கேட்டே தீர வேண்டும் என்று அந்த அத்தியாயத்தில் ஒரு சொல்லும் இல்லை. குறை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

கீழ்வெண்மணியைக் குறித்து: அவ்வழக்கில் மரண தண்டனை இல்லாததால் அது உறுதிப்படுத்தலுக்கு வரவில்லை, சாதாரண மேல்முறையீடாகத்தான் வந்தது. ஆனால் உங்கள் ஐயம் அந்த வேறுபாட்டால் தீர்ந்துவிடாது. மறுபடி எடைபோடும் கை எவருடையது என்பது எப்போதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

காலதாமதத்தைப் பற்றி மட்டும் உங்களோடு வாதிட விரும்புகிறேன். கடலூர் மாவட்டத்தில் 2009இல் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பணத்துக்காகக் கடத்திக் கொல்லப்பட்டான். 2010 ஜூலை 30 அன்று கடலூர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சரியாக இரண்டே மாதத்தில், செப்டம்பர் 30 அன்று, உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. இதைவிட விரைவாக யாரும் கேட்க முடியாது. பிறகு, மரண தண்டனை வழக்குகளின் சீராய்வு மனுக்களை, அதாவது தன் தீர்ப்பையே மறுபடி பார்க்கும்படி உச்ச நீதிமன்றத்தைக் கேட்கும் மனுக்களை, திறந்த நீதிமன்றத்தில் வாய்மொழி வாதம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும் என்று 2014இல் முகமது ஆரிஃப் வழக்கில் தீர்மானமானதால், இவருடைய சீராய்வு மனுவும் மறுபடி விசாரணைக்கு வந்தது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதியாக வைத்துக்கொண்டு, தூக்கை 20 ஆண்டுகளாவது குறைப்பின்றிக் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனையாக மாற்றியது. தண்டனையைப் பற்றிப் பொருளுள்ள தனி விசாரணை கீழே நடக்கவேயில்லை, அவருடைய பின்னணி, சிறை நடத்தை எதையும் எந்த நீதிமன்றமும் கேட்டுப் பார்க்கவில்லை என்பதே காரணம். 2010இல் சில வாரங்கள் கூடுதலாகச் செலவிட்டுச் செய்திருக்க வேண்டிய வேலையை 2023இல் செய்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தச் சிறுவனின் பெற்றோர் எதை முடிவென்று நம்பியிருப்பார்கள்?

சென்னை முகலிவாக்கத்தில் 2017இல் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கும் அப்படித்தான். 2018 பிப்ரவரியில் மரண தண்டனை, அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் உறுதிப்படுத்தல். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாட்சியம் போதவில்லை என்று விடுவித்தேவிட்டது. உறுதிப்படுத்தும் கட்டத்தில் விரைவு என்பது பெரும்பாலும் கடனாக வாங்கிய விரைவு. வட்டியோடு பிறகு கட்ட வேண்டியிருக்கிறது. இப்போது 2022இன் மனோஜ் தீர்ப்புக்குப் பிறகு சிறை நடத்தை, மனநலம், குடும்பச் சூழல் பற்றிய அறிக்கைகளை நீதிமன்றங்கள் தாமாகவே வரவழைக்கத் தொடங்கியிருக்கின்றன. ஆர்.டி. வழக்குகள் முன்னைவிட நாள் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.


குடமுருட்டிக்கரை மறுமொழி

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை முழுவதையும் படித்துக் காட்டினேன். உரக்கடை நண்பர் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழின் பின்பக்கத்தைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை; பிறகு, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒருநாளும் அப்படிக் குறிப்பு வந்ததில்லை என்றார். இரண்டு சிறு ஐயங்கள் மிச்சமிருக்கின்றன. உயர் நீதிமன்றம் முடிவு சொல்லும் வரை அந்த மனிதரைத் தனிக் கொட்டடியில் அடைத்து வைப்பார்களா? உறுதியான பிறகு அடுத்து என்ன? எங்கள் மாவட்டத்து வழக்கொன்றில் கடைசியில் என்ன ஆயிற்று என்று நாங்களே பார்த்துக்கொள்ள வழி உண்டா?


மறுமொழி 5
பதிந்தவர்: பழைய சிரஸ்தார்

ஐயா, இவற்றுக்கு நானே சொல்லிவிடுகிறேன். அரசலாறு தம்பி தவறிருந்தால் திருத்தட்டும். தண்டனை விதித்த நீதிமன்றம் வாரண்டு எழுதி அவரைச் சிறைக் காவலில் ஒப்படைக்கும். நம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் திருச்சி மத்திய சிறைக்குப் போவார்கள். அது காவலே தவிரத் தனிச்சிறைத் தண்டனை ஆகாது. மேல்முறையீடு, கருணை மனு எல்லாம் முடிந்து இனி மாற்ற வழியில்லை என்றாகும் வரை ஒருவரை மரண தண்டனைக் கைதி என்று சொல்லித் தனிமைப்படுத்தக் கூடாது என்று 1978இல் சுனில் பத்ரா வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது.

உறுதியான பிறகு உச்ச நீதிமன்றம், அங்கே குறைந்தது மூன்று நீதிபதிகள். அதன்பின் சீராய்வு. அதன்பின் கருணை மனு, முதலில் ஆளுநருக்கு, அவர் மறுத்தால் குடியரசுத் தலைவருக்கு. புதிய சட்டம் இவற்றுக்கு 30 நாள், 60 நாள் என்று கெடு வைத்திருக்கிறது. எல்லாக் கதவும் அடைந்தால் கட்டு மறுபடி தண்டனை விதித்த அமர்வு நீதிமன்றத்துக்கே வந்து, அங்கிருந்துதான் தூக்கிலிடும் வாரண்டு போக வேண்டும். தமிழ்நாட்டில் கடைசியாக அப்படி நிறைவேறியது 1995இல், சேலம் மத்திய சிறையில்.

வழக்கைத் தேடுவதானால் உயர் நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு வகையில் ஆர்.டி. என்பதைத் தேர்ந்தெடுத்து ஆண்டைக் கொடுங்கள். ஓர் ஆண்டில் அந்த வகையில் விழும் எண்கள் மிகச் சிலவே என்பதால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதும் சிரமமாக இராது. தஞ்சாவூர் மாவட்டத்து வழக்கு என்பதால் மதுரைக் கிளையைத் தேர்ந்தெடுக்க மறந்துவிடாதீர்கள். சென்னையில் தேடினால் கிடைக்காது.